பத்து பிளக்குக்கு ஒரே வயர் போதுமா?

கேள்வி: திருச்சியில் இருக்கிறோம். 1994-ல் என் மாமனார் கட்டிய வீடு. சமையலறையை மட்டும் முழுதாக இடித்து மாடுலர் கிச்சன் போடப் போகிறோம். இப்போது மேடைக்கு மேல் ஒரே ஒரு போர்டு. அதில் ஒரு பவர் பாயிண்ட், இரண்டு சின்ன பிளக். புதிதாக இன்டக்‌ஷன் அடுப்பு, டிஷ்வாஷர், சிம்னி வருகின்றன. மைக்ரோவேவ், ஏர் ஃப்ரையர், கெட்டில், மிக்ஸி, கிரைண்டர், ஃபிரிட்ஜ், ஆர்ஓ ஏற்கெனவே உண்டு. கிச்சன் கம்பெனிக்காரர் கொடுத்த படத்தில் ‘10 பிளக் பாயிண்ட்’ என்று மட்டும் போட்டிருக்கிறது. வழக்கமாக வரும் எலக்ட்ரீஷியன் அண்ணன், “ஹாலில் இருக்கும் டிபியிலிருந்து (கரண்டு பிரியும் பெட்டி) நல்ல 4 ஸ்கொயர் (சதுர மில்லிமீட்டர்) வயர் ஒன்று இழுத்து, பத்துக்கும் லூப் கொடுத்து, 32 ஆம்பியர் எம்சிபி (கரண்டு அதிகமானால் தானே விழும் ஸ்விட்ச்) போட்டுவிடலாம். விழவே விழாது” என்கிறார். என் தம்பியோ ஒவ்வொன்றுக்கும் தனி வயர் வேண்டும் என்கிறான். ஆர்சிசிபி (கரண்டு கசிந்தால் அணைத்துவிடும் ஸ்விட்ச்) போட்டால் அடிக்கடி விழுந்து தொல்லை கொடுக்கும் என்றும் அண்ணன் சொல்கிறார். எங்களுக்கு மூன்று ஃபேஸ் மீட்டர். ஃபேஸ் மாற்றும் ஸ்விட்ச், இன்வெர்ட்டர் எல்லாம் உண்டு. எப்படிச் செய்வது? இன்னொன்று, அத்தையின் பழைய கிரைண்டரைத் தொட்டால் சில நாள் லேசாகச் சுரீர் என்கிறது. அது கிரைண்டர் கோளாறா, வீட்டுக் கோளாறா?

(ஒரு வாசகி, திருச்சி)

பதில்:

அன்புள்ள வாசகிக்கு,

‘இன்னொன்று’ என்று கடைசியில் போட்டீர்களே, அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். அந்தக் கிரைண்டரை இன்றே பிளக்கிலிருந்து பிடுங்கி ஓரமாக வையுங்கள். சரிபார்க்கும் வரை அத்தை அதில் மாவு ஆட்ட வேண்டாம். கிரைண்டர் கோளாறா, வீட்டுக் கோளாறா என்று கேட்டிருக்கிறீர்கள். பெரும்பாலும் இரண்டும்தான். மோட்டாருக்குள் ஈரம் போயோ, பழைய ஒயர் தேய்ந்தோ கரண்ட் இரும்பு உடம்புக்குக் கசிகிறது. அது கிரைண்டர் கோளாறு. கசிந்த கரண்ட் எர்த் வழியாக மண்ணுக்குப் போயிருந்தால் உங்களுக்குச் சுரீர் என்றே இருந்திருக்காது. போகவில்லை என்றால் கிரைண்டரின் எர்த் ஒயர் அறுந்திருக்க வேண்டும், அல்லது அந்த பிளக்கில் எர்த்தே இல்லாமல் இருக்க வேண்டும், அல்லது வீட்டு எர்த் குழி செத்திருக்க வேண்டும். மூன்றையும் பார்க்கச் சொல்லுங்கள். 1994-ல் தோண்டிய குழி என்றால் மூன்றாவதின் மேல்தான் எனக்குச் சந்தேகம் அதிகம். எர்த்தைப் பற்றிக் கீழே விரிவாகச் சொல்கிறேன். உங்கள் புதுச் சமையலறையின் பாதுகாப்பில் பாதி அதில்தான் இருக்கிறது.

இப்போது பத்து பிளக் விஷயம். கிச்சன் கம்பெனிக்காரர் போடுவது பாயிண்ட் கணக்கு. எந்த அலமாரிக்குப் பின்னால் எங்கே ஓட்டை வேண்டும் என்பது அவர் கவலை, அது நியாயம்தான். ஆனால் பத்து பாயிண்டில் எது எதோடு ஒரே வயரில் உட்காருகிறது என்பதை அந்தப் படம் சொல்லாது. அதை முடிவு செய்ய வேண்டியவர் நீங்கள். ஏனென்றால் காலை ஏழு மணிக்கு உங்கள் வீட்டில் எது எது ஒன்றாக ஓடும் என்று உங்களுக்குத்தான் தெரியும்.

ஒரு பள்ளிக்கூட நாள் காலையை எடுத்துக்கொள்வோம். இன்டக்‌ஷனில் குக்கர், அது 2000 வாட். கெட்டிலில் வெந்நீர், 1500. டிபனுக்கு ஏர் ஃப்ரையரில் ஏதோ ஒன்று, இன்னொரு 1500. சட்னிக்கு மிக்ஸி, 750. ராத்திரிப் பாத்திரத்தைக் காலையில் போடுகிறவர் என்றால் டிஷ்வாஷர் தண்ணீரைச் சூடாக்கும் நேரத்தில் 2000 வாட் வரை இழுக்கும். ஃபிரிட்ஜுக்கு ஒரு 200 வையுங்கள். மொத்தம் 7950 வாட். 230 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 35 ஆம்பியர். இவை பொதுவாகச் சந்தையில் கிடைக்கும் கருவிகளின் அளவு. உங்களுடையதைக் கருவியின் முதுகில் ஒட்டியிருக்கும் தகட்டில் பார்த்து நீங்களே ஒரு காகிதத்தில் எழுதுங்கள். கடைக்காரர் வாயால் சொல்லும் வாட் கணக்கை நம்ப வேண்டாம்.

அண்ணன் சொன்ன ஏற்பாட்டில் இந்த 35 ஆம்பியரும் ஒரே 4 ஸ்கொயர் வயரில் போகும். சுவருக்குள் பைப்பில் பதித்த 4 ஸ்கொயர் செம்பு வயர் நிம்மதியாகத் தாங்குவது ஏறக்குறைய 25 ஆம்பியர். திருச்சி வெயிலில் சுவரே சூடாக இருக்கும் மே மாதத்தில் அதிலும் கொஞ்சம் கழித்துக்கொள்ள வேண்டும். சரி, அதிகமானால் எம்சிபி விழுந்து காப்பாற்றாதா என்றால், 32 ஆம்பியர் எம்சிபி காப்பாற்றாது. எம்சிபி தன் மேல் எழுதியிருக்கும் அளவைத் தாண்டிய நொடியில் விழுந்துவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். அதன் தர விதியே வேறு. எழுதிய அளவைப் போல 1.13 மடங்கு வரை ஒரு மணி நேரம் ஓடினாலும் அது விழக் கூடாது, 1.45 மடங்கு போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழ வேண்டும். 32-க்குக் கணக்குப் போட்டால் 36 ஆம்பியர் வரை அது அசையாது. 46 ஆம்பியர் போனால்கூட ஒரு மணி நேரம் வரை எடுத்துக்கொள்ளலாம். அதாவது உங்கள் காலை நேரத்து 35 ஆம்பியர் அதன் கண்ணுக்கு ஒன்றுமே இல்லை. “விழவே விழாது” என்று அண்ணன் சொன்னது உண்மைதான். அதுதான் பிரச்சினை. எம்சிபி விழாமல் உட்கார்ந்திருக்கும்போது சூட்டை வாங்கிக்கொள்வது சுவருக்குள் இருக்கும் வயரின் தோல்.

அந்தச் சூடு என்ன செய்யும் என்று பார்க்க வேண்டுமானால், உங்கள் இப்போதைய மேடை போர்டை இடிப்பதற்கு முன் மெயினை அணைத்துவிட்டுக் கழற்றச் சொல்லிப் பாருங்கள். பவர் பாயிண்டின் பின்புறம் திருகைச் சுற்றி பிளாஸ்டிக் காப்பி நிறத்துக்கு மாறியிருக்கலாம். அந்த வயரின் முனையை லேசாக வளைத்தால் தோல் வளையாது, பொடிப் பொடியாக உதிரும். ஒரே திருகுக்குள் இரண்டு மூன்று வயரை முறுக்கித் திணித்திருப்பார்கள். அதில் ஒன்று ஆடும். லூப் போடுவதில் இருக்கும் சங்கடம் இதுதான். பத்தாவது பாயிண்டுக்குப் போகும் கரண்டு முழுக்க முதல் பாயிண்டின் திருகு வழியாகத்தான் போயாக வேண்டும். அந்தத் திருகு ஒரு சுற்று தளர்ந்தால் போதும், தீய்ந்த வாசனை வர ஆரம்பித்துவிடும்.

தம்பி சொல்வதில் பாதி சரி. பெரிய சூடாக்கும் கருவிகள் ஒவ்வொன்றும் தனியாக இருக்கட்டும். ஆனால் ஆர்ஓவுக்கும் சிம்னிக்கும் தனித்தனி வயர் இழுப்பது காசைச் சுவரில் பூசுகிற வேலை. ஆர்ஓ எடுப்பது ஒரு பழைய குண்டு பல்பு அளவு கரண்டு. சிம்னி மோட்டாரும் பெரிய ஆள் இல்லை. நம் நாட்டு வயரிங் நெறிமுறையில் பழைய கணக்கு ஒன்று உண்டு: ஒரு பவர் சர்க்யூட்டில் இரண்டு பவர் பாயிண்டுக்கு மேல் வேண்டாம், 3000 வாட்டுக்கு மேல் வேண்டாம். சமையலறைக்கு இன்றைக்கும் அதைவிட நல்ல அளவுகோல் கிடையாது.

அந்தக் கணக்கை வைத்து உங்களுக்கு நான் பிரிப்பது இப்படி. இன்டக்‌ஷனுக்கு ஒன்று, டிஷ்வாஷருக்கு ஒன்று, மைக்ரோவேவுக்கு ஒன்று. மூன்றுக்கும் 2.5 ஸ்கொயர் வயர், 16 ஆம்பியர் எம்சிபி. மைக்ரோவேவ் கன்வெக்‌ஷன் வகை என்றால் கேக் செய்யும்போது 2000 வாட்டைத் தொடும். நாளைக்கு அதே இடத்தில் பெரிய அவன் வைத்தாலும் இந்த வயர் பெரும்பாலும் போதும். அடுத்து மேடை பாயிண்டுகள். கெட்டிலும் ஏர் ஃப்ரையரும் பெரும்பாலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருக்கும்; இரண்டுக்குமாக 4 ஸ்கொயர் வயரில் 20 ஆம்பியர் எம்சிபி. மேடையின் மறுபக்கம் மிக்ஸிக்கும் கிரைண்டருக்கும் அதே மாதிரி இன்னொன்று. மிக்ஸி, கிரைண்டர் மட்டும் என்றால் இவ்வளவு வேண்டியதில்லை. ஆனால் தீபாவளிக்கு ஊரிலிருந்து வருகிறவர்கள் இன்னொரு இன்டக்‌ஷன் அடுப்பை அந்தப் பக்கம்தான் வைப்பார்கள், அதற்காகச் சொல்கிறேன். கடைசியாக ஃபிரிட்ஜ், ஆர்ஓ, சிம்னி மூன்றும் சேர்ந்து 2.5 ஸ்கொயரில் ஒரே சர்க்யூட், 10 ஆம்பியர். மோட்டார் இருக்கும் சர்க்யூட்டுகளுக்கு எம்சிபி ‘சி’ வகையாக இருக்கட்டும். மிக்ஸியும் ஃபிரிட்ஜும் கிளம்பும் நொடியில் பல மடங்கு கரண்டு இழுக்கும். ‘பி’ வகை அதற்கே விழுந்து உங்களைப் படுத்தும். விளக்கு வழக்கம்போல 1.5 ஸ்கொயர், 6 ஆம்பியர்.

இந்த ஆறு பவர் சர்க்யூட்டையும் ஹாலிலிருந்து தனித்தனியாக இழுத்து வருவதைவிட, சமையலறை வாசலுக்கு வெளியே கண் மட்டத்தில் ஒரு சின்ன டிபி வைத்துவிடலாம். ஹால் டிபியிலிருந்து அதற்கு 10 ஸ்கொயர் வயர், அந்த முனையில் 40 ஆம்பியர் எம்சிபி. இங்கே பெட்டி 16 வே (பதினாறு ஸ்விட்ச் இடம்) இருக்கட்டும். இன்றைய தேவை 13 வரும், மீதி நாளைக்கு. அடுப்புக்கு மேலோ, லாஃப்ட் கதவுக்குப் பின்னாலோ, அலமாரிக்கு உள்ளேயோ அதை ஒளித்து வைக்க ஒத்துக்கொள்ளாதீர்கள். கிச்சன் கம்பெனிக்காரர் “பார்வைக்கு நன்றாக இருக்காது” என்பார். ஏதாவது புகையும்போது எண்ணெய் டின்களை நகர்த்திவிட்டு ஸ்விட்சைத் தேடிக்கொண்டிருக்க முடியாது.

மூன்று ஃபேஸ் இருப்பதால் சமையலறையை இரண்டு ஃபேஸில் பிரிக்கலாமே என்று யாராவது சொல்லலாம். பிரிக்கலாம், ஆனால் ஒரே மேடையில் கைக்கெட்டும் தூரத்தில் இரண்டு வெவ்வேறு ஃபேஸ் இருப்பது எனக்குப் பிடிக்காது. இரண்டுக்கும் இடையே 400 வோல்ட். முழுச் சமையலறையையும் ஒரே ஃபேஸில் வைத்துவிட்டு ஏசி, கீசர்களை மற்ற இரண்டுக்கும் தள்ளுங்கள். நம் ஊருக்கே உரிய ஒரு சிக்கலையும் நினைவில் வையுங்கள். ஒரு ஃபேஸ் போனதும் எல்லாரும் அந்தத் திருகு ஸ்விட்சைத் திருப்பி இன்னொரு ஃபேஸுக்கு மாறிக்கொள்கிறோம். அந்த நேரத்தில் சமையலறையும் மாடி ஏசியும் ஒரே ஃபேஸின் தலையில் ஏறுகின்றன. அன்றைக்கு டிஷ்வாஷரும் கீசரும் காத்திருக்கட்டும். அப்புறம், ஈபி பில்லில் அனுமதிக்கப்பட்ட மின்பளு என்று ஒரு எண் இருக்கும். 1994-ல் வாங்கிய இணைப்பில் அந்த எண் இந்தச் சமையலறைக்கு மட்டுமே போதாமல் போகலாம். வேலை ஆரம்பிக்கும் முன்பே கூடுதல் பளுவுக்கு விண்ணப்பம் போட்டுவிடுங்கள்.

எர்த்துக்கும் ஆர்சிசிபிக்கும் வருகிறேன். எலக்ட்ரீஷியன்கள் பலர் ஆர்சிசிபியைத் தொல்லையாகப் பார்ப்பது எனக்குத் தெரியும். அவர்களுக்கு நான் போட்டுக் காட்டும் கணக்கு இதுதான். ஈபி கம்பத்திலிருந்து நமக்கு வருவது ஃபேஸும் நியூட்ரலும். எர்த் நம் வீட்டுக் குழியிலிருந்து வருவது. அந்தக் குழியின் தடை 10 ஓம் என்று வைத்துக்கொள்ளுங்கள், அது கேவலமான குழி இல்லை. டிஷ்வாஷருக்குள் ஃபேஸ் வயர் இரும்பு உடம்பில் முழுதாகத் தொட்டுவிட்டது. எவ்வளவு கரண்டு எர்த்துக்குப் போகும்? 230-ஐப் பத்தால் வகுங்கள்: 23 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்சிபி இதைப் பார்த்துச் சட்டென விழுமா? ‘சி’ வகை எம்சிபி உடனே விழ 80 முதல் 160 ஆம்பியர் வரை வேண்டும். 23 என்பது அதன் அளவைப் போல 1.44 மடங்கு; ஒரு மணி நேரம்கூட யோசித்துக்கொண்டிருக்கலாம். குழி காய்ந்து 20 ஓம் ஆகியிருந்தால் 11 ஆம்பியர்தான் போகும். எம்சிபி என்றைக்குமே விழாது. அவ்வளவு நேரமும் டிஷ்வாஷர் கதவில் உயிர்க் கரண்டு இருக்கும். எம்சிபி வயரைக் காப்பாற்றத்தான் இருக்கிறது. ஆளைக் காப்பாற்ற 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி ஒன்றுதான் வழி. ஃபேஸில் போன கரண்டும் நியூட்ரலில் திரும்பி வந்த கரண்டும் சமமா என்று அது பார்த்துக்கொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் குறைந்தால் கண்ணிமைக்கும் நேரத்தில் அணைத்துவிடும்.

“அடிக்கடி விழும்” என்ற புகாரும் பொய் இல்லை. காரணங்கள் இரண்டு. முழு வீட்டுக்கும் ஒரே ஆர்சிசிபி போடுவது ஒன்று. ஒவ்வொரு கருவியும் கொஞ்சம் கொஞ்சம் கசியும். எல்லாம் கூடும்போது அது விழும், வீடே இருட்டாகும். வீட்டைப் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போயிருந்தால் ஃபிரிட்ஜில் இருப்பதெல்லாம் கெட்டுப்போகும். அதனால் பிரித்துப் போடுங்கள். இன்டக்‌ஷன், டிஷ்வாஷர், மைக்ரோவேவ் மூன்றுக்கும் ஒரு ஆர்சிசிபி. மேடை பாயிண்டுகளுக்கு இன்னொன்று. ஃபிரிட்ஜ் சர்க்யூட்டுக்கு எம்சிபியும் ஆர்சிசிபியும் ஒன்றாக இருக்கும் ஆர்சிபிஓ. மாவு சொட்டும் கிரைண்டர் மேடைப் பக்கத்தை விழவைத்தாலும் ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும். கடையில் கேட்கும்போது ‘ஏ’ டைப் என்று கேளுங்கள். கடைகளில் அதிகம் இருப்பது ‘ஏசி’ டைப். இன்டக்‌ஷன் அடுப்பு, இன்வெர்ட்டர் வகை மோட்டார் மாதிரி எலக்ட்ரானிக்ஸ் உள்ள கருவிகளின் கசிவைச் சரியாகப் பிடிப்பது ‘ஏ’ டைப்.

இரண்டாவது காரணம் நியூட்ரல் கலப்பது. பழைய வீடுகளில் பக்கத்தில் கிடைத்த நியூட்ரலில் முறுக்கிவிடுவது சகஜம். ஒரு ஆர்சிசிபி வழியாகப் போன கரண்டு வேறு சர்க்யூட்டின் நியூட்ரலில் திரும்பினால் கசிவு இருப்பதாக எண்ணி அது விழத்தான் செய்யும். உங்களிடம் இன்வெர்ட்டர் வேறு இருக்கிறது. சமையலறை விளக்கை இன்வெர்ட்டரில் விடுங்கள், தாராளமாக. ஆனால் அந்த லைனுக்கான நியூட்ரல் ஹால் டிபியிலிருந்தே தனியாக வரட்டும். கிச்சன் டிபியின் நியூட்ரல் கட்டையை அது தொடவே கூடாது. விளக்கு ஸ்விட்சைப் போட்டதும் ஆர்சிசிபி விழுகிறது என்றால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லலாம், நியூட்ரல் எங்கோ கலந்திருக்கிறது. அப்போது ஆர்சிசிபியைக் கழற்றிவிட்டு நேராகக் கொடுத்துவிடுகிறேன் என்று யாராவது சொன்னால் விடாதீர்கள். இன்னும் மோசமான வைத்தியம் ஒன்று உண்டு: எர்த் இல்லாத பிளக்கில் நியூட்ரலிலிருந்து ஒரு துண்டு வயரை எர்த் ஓட்டைக்குப் போட்டுவிடுவது. டெஸ்டரும் பல்பும் எல்லாம் சரி என்றே காட்டும். எங்கோ நியூட்ரல் அறுந்த அன்று ஃபிரிட்ஜ் கதவே 230 வோல்ட் ஆகிவிடும். பழைய போர்டைக் கழற்றும்போது இப்படித் துண்டு வயர் கண்ணில் பட்டால், மற்ற அறைகளையும் பார்த்துவிடுங்கள்.

எர்த் குழியைத் தோண்டிப் பார்த்து, கம்பி அரித்திருந்தால் புதிதாகப் போடுங்கள். மீட்டர் வைத்துத் தடையை அளந்து எண்ணை எழுதித் தரச் சொல்லுங்கள். கோடையில் வாரம் ஒரு வாளித் தண்ணீர் குழியில் ஊற்றுவது உங்கள் வேலை.

பாயிண்டுகள் எங்கே வர வேண்டும் என்பதில் கிச்சன் கம்பெனிக்காரரோடு ஒருமுறை உட்கார்ந்து பேசியாக வேண்டும். மேடைக்கு மேல் எட்டு பத்து அங்குல உயரம் சரியாக வரும். அதற்குக் கீழே வைத்தால் மேடையைக் கழுவும் தண்ணீர் தெறிக்கும். சிங்க்கிலிருந்து இரண்டு அடியாவது தள்ளி, அடுப்புக்கு நேர் பின்னால் எதுவும் வேண்டாம். டிஷ்வாஷர், மைக்ரோவேவ் பிளக்குகளைக் கருவிக்கு முதுகில் வைக்காதீர்கள். வைத்தால் கருவி உள்ளே போகாது, போனாலும் பிளக்கைப் பிடுங்க நாலு பேர் வேண்டும். பக்கத்து அலமாரிக்குள் பிளக், மேடைக்கு மேல் கை எட்டும் இடத்தில் 20 ஆம்பியர் டிபி ஸ்விட்ச். (இந்த டிபி வேறு, ஃபேஸ் நியூட்ரல் இரண்டையும் சேர்த்துத் துண்டிக்கும் ஸ்விட்ச்.) டிஷ்வாஷருக்குப் பக்கத்து அலமாரி பெரும்பாலும் சிங்க் அலமாரியாகத்தான் இருக்கும்; அப்படியானால் சிங்க் குழாய்க்கு நேர் கீழே இல்லாமல் உயரமாக, ஓரமாக வையுங்கள். ஆர்ஓவுக்கும் அப்படித்தான், பெட்டிக்குக் கீழே பிளக் வேண்டாம். சிம்னி பிளக் ஏழு அடி உயரத்தில் குழாய் மூடிக்குள் மறையட்டும், ஸ்விட்ச் மட்டும் கீழே வரட்டும்.

சிலிண்டர் அலமாரிக்குள் பிளக், ஸ்விட்ச், ஜங்ஷன் பாக்ஸ் எதுவும் கூடாது. சமையல் கேஸ் காற்றைவிடக் கனமானது. கசிந்தால் தரையோடு தரையாகத் தேங்கும். அங்கே ஒரு ஸ்விட்சின் பொறி போதும். டிஷ்வாஷருக்கான பிளக்கைச் சிலிண்டர் அலமாரியில் காட்டும் கிச்சன் படங்களை நான் பார்த்திருக்கிறேன். உங்கள் படத்திலும் அப்படி இருக்கிறதா என்று பாருங்கள்.

வேலை வரிசையில் அவசரப்பட்டால் டைல்ஸை உடைக்க வேண்டி வரும். தண்ணீர்க் குழாய், பிறகு கரண்ட் பைப், பாக்ஸ், பூச்சு, டைல்ஸ், அதற்கப்புறம்தான் வயர் இழுப்பது. பைப்புகள் பாயிண்டிலிருந்து நேர் மேலேயோ நேர் பக்கவாட்டிலோ மட்டும் போகட்டும். குறுக்கே சாய்த்து வெட்ட விடாதீர்கள். பூசும் முன் ஒவ்வொரு சுவரையும் டேப் பிடித்துப் போட்டோ எடுத்து, கிச்சன் கம்பெனிக்காரருக்கு அனுப்பிவிடுங்கள். அவர் ஆட்கள் மேல் அலமாரிக்கு டிரில் போடும்போது வயரைத் துளைப்பது அடிக்கடி நடக்கிற விபத்து. நாலரை அங்குலச் சுவரில் இரண்டு பக்கமும் ஒரே இடத்தில் பாக்ஸ் வெட்டக் கூடாது. தூண், பீம் பக்கம் கட்டிங் மெஷினே போகக் கூடாது. பைப் 25 மில்லிமீட்டர் வாங்குங்கள், அடுப்புப் பக்கம் ஒரு காலிப் பைப்பும் கிச்சன் டிபி வரை போட்டு வையுங்கள். என்றைக்காவது பதிக்கிற வகை நாலு அடுப்பு இன்டக்‌ஷன் வாங்கினால் அது 7000 வாட், 30 ஆம்பியருக்கு மேல். அதற்கு இப்போதைய வயர் எதுவும் ஆகாது, மெயின் லைனையும் அன்றைக்கு மறுபடி கணக்குப் பார்க்க வேண்டியிருக்கும். சிங்க்குக்கு 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் ஆசை இருந்தால் இப்போதே 4 ஸ்கொயரில் தனி லைன் சொல்லிவிடுங்கள்.

வயர் ஐஎஸ்ஐ முத்திரையோடு, 90 மீட்டர் சுருளாகப் பிரிக்காமல் வந்து இறங்கட்டும். சந்தேகம் வந்தால் முனையைச் சீவி இழைகளை எண்ணலாம்: 0.3 மில்லிமீட்டர் இழை என்றால் 2.5 ஸ்கொயரில் 36, 4 ஸ்கொயரில் 56 இருக்கும். சர்க்யூட்டுக்குச் சர்க்யூட் தனி நியூட்ரல் கறுப்பு, எர்த் பச்சை. பழைய அலுமினிய வயர் எங்காவது மிஞ்சியிருந்தால் அதோடு புது வயரை முறுக்கிச் சேர்க்க வேண்டாம், டிபி வரை மாற்றிவிடுங்கள். இந்த வேலையை உங்கள் அண்ணனே செய்யலாம், தமிழ்நாடு மின் உரிமம் வழங்கும் வாரியத்தின் வயர்மேன் சான்று வைத்திருந்தால். மேலே சொன்ன 32 ஆம்பியர் கணக்கை அவரிடம் காட்டுங்கள். அனுபவசாலி என்றால் சட்டென்று பிடித்துக்கொள்வார்.

எல்லாம் முடிந்ததும், கருவிகளை மாட்டுவதற்கு முன், 500 வோல்ட் மெகர் (வயர் தோலின் காப்பை அளக்கும் மீட்டர்) வைத்து ஒவ்வொரு சர்க்யூட்டையும் பார்க்கச் சொல்லுங்கள். 1 மெகா ஓமுக்குக் குறைந்தால் எங்கோ வயர் உரசியிருக்கிறது. ஒவ்வொரு பிளக்கிலும் ஃபேஸ் வலது ஓட்டையில்தான் வருகிறதா என்று பாருங்கள். ஆர்சிசிபியின் டெஸ்ட் பொத்தானை அழுத்தினால் விழ வேண்டும். அதோடு விடாமல், ஒவ்வொரு பிளக்கிலும் ஃபேஸுக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் பல்பை வைக்கச் சொல்லுங்கள். பல்பு எரியாமல் ஆர்சிசிபி விழுந்தால் எர்த்தும் அதுவும் இரண்டுமே வேலை செய்கின்றன. விழாத பிளக்கில் எர்த் வரவில்லை என்று அர்த்தம். பிறகு அந்தக் காலை ஏழு மணிக் கருவிகளை எல்லாம் ஒன்றாகப் போட்டு அரை மணி நேரம் ஓடவிட்டு, ஒவ்வொன்றாக அணைத்துப் பிளக்கைப் பிடுங்கி, பின்னைத் தொட்டுப் பாருங்கள். வெதுவெதுப்பாக இருந்தால் பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டால் அந்த பாயிண்டைக் கழற்றித் திருகை இறுக்கச் சொல்லுங்கள், அப்படியும் சுட்டால் சாக்கெட்டை மாற்றச் சொல்லுங்கள். மீதிப் பணம் அதற்கப்புறம்.